பாட்டுக்காரருக்கு எதுக்கு வானியல்? – வேதநாயகம் சாஸ்திரியாரின் கதை



ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். திருச்செந்தூர் சன்னிதியில் ஓதுவார் தேவாரம் பாடுறதைக் கேட்டிருப்பீங்க. மணப்பாடு கோவில் திருவிழாவில் பாடகர் குழு பாடுறதையும் கேட்டிருப்பீங்க. குலசைத் தசரான்னா மேளச் சத்தம் கேட்காத தெருவே கிடையாது. இவங்களுக்கெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது? எந்தப் பள்ளிக்கூடத்தில், எத்தனை வருஷம் படிச்சாங்க?

எல்லா மதத்துக்கும் இந்தக் கேள்வி உண்டு. யூதர்களின் ஜெப ஆலயத்தில் முன் நின்று பாடி வழிபாட்டை நடத்துபவரை ஹஸான் என்பார்கள். நமக்குப் பக்கத்தில், கொச்சியில், 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இன்னும் நிற்கிறது. அந்த ஊர் யூதப் பெண்கள் மலையாளப் பாடல்களை நோட்டுகளில் எழுதி வைத்து, அம்மாவிடமிருந்து மகளுக்கு என்று கைமாற்றி வந்தார்கள். பெரும்பாலான ஊர்களில் இப்படித்தான், வீட்டுக்குள்ளேயே பாடம் நடந்தது. நியூயார்க்கில் ஹீப்ரு யூனியன் கல்லூரி ஜெப ஆலயப் பாடகர்களுக்கென்றே ஓர் இசைப்பள்ளியைத் தொடங்கியது 1948-ல்தான்.

அதற்கு 160 வருஷத்துக்கு முன்பே, நம்ம திருநெல்வேலிச் சீமைப் பையன் ஒருவனுக்கு இப்படி ஒரு பயிற்சி கிடைத்தது. பாட்டு மட்டும் இல்லை. கணக்கு, பூகோளம், உடற்கூறு, வானியல் எல்லாம் சேர்த்து! அந்தப் படிப்பு அவரை எங்கே கொண்டுபோனது, எங்கே வந்து நின்றுவிட்டது என்பதுதான் இந்தக் கட்டுரை.

1785, பாளையங்கோட்டை

வேதநாயகம் 1774 செப்டம்பர் 7-ம் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். தகப்பனார் அருணாசலம் பிள்ளை சைவ வேளாளர். கிறிஸ்தவரான பிறகு தேவசகாயம் என்று பெயர் மாற்றிக்கொண்டவர். தமிழ் படித்த குடும்பம் என்பதால் பையனுக்குச் செய்யுளும் எழுத்தும் வீட்டிலேயே பழக்கம்.

1785-ல் கிறிஸ்டியன் பிரடெரிக் சுவார்ட்ஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி பாளையங்கோட்டைக்கு வந்தார். குளோரிந்தா என்ற பெண்மணி கட்டிய சிறிய தேவாலயத்தைப் பிரதிஷ்டை செய்ய வந்த பயணம் அது. சுவார்ட்ஸ் சாதாரண ஆள் இல்லை. 1750-ல் தரங்கம்பாடியில் கால் வைத்தவர், கடைசி வரைக்கும் சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. தமிழ், மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி எல்லாம் பேசுவார். ஹைதர் அலியிடம் தூது போக ஆங்கிலேயர்கள் இவரைத்தான் அனுப்பினார்கள். கல்யாணம் செய்துகொள்ளாதவர். மாணவர்களைப் பிள்ளைகள் மாதிரி வளர்த்தவர்.

அவர் கண்ணில் வேதநாயகம் பட்டார். தகப்பனாரின் சம்மதத்தோடு பையனைத் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்போது பையனுக்குப் பத்துப் பதினோரு வயதுதான் இருக்கும். பஸ்ஸும் ரயிலும் இல்லாத காலம். தாமிரபரணிக் கரையிலிருந்து காவிரிக் கரைக்குப் போவது என்றால் இன்றைக்கு நாம் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற மாதிரி!

வகுப்புத் தோழன் ஓர் இளவரசன்

தஞ்சாவூரில் அவரோடு சுவார்ட்ஸிடம் படித்த இன்னொரு பையன் யார் தெரியுமா? சரபோஜி. சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தெடுத்த அதே இரண்டாம் சரபோஜிதான். 1787-ல் துளஜா மன்னர் அவரைத் தத்தெடுத்துக்கொண்டு, சீக்கிரமே இறந்துபோனார். சிறுவனைப் பாதுகாக்கும் பொறுப்பு சுவார்ட்ஸ் கைக்கு வந்தது. சரபோஜி வேதநாயகத்தைவிட மூன்று வயது சின்னவர். இந்தப் பள்ளித் தோழமை பிற்பாடு பெரிய உதவியாக நின்றது. அதற்கு அப்புறம் வருவோம்.

அந்தக் காலத் தஞ்சைச் சீமையை நினைத்துப் பாருங்க. சியாமா சாஸ்திரிகள், தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர் மூன்று பேரும் வேதநாயகத்தின் காலத்தவர்கள். கோவிலில் சதிர், தெருவில் பஜனை, அரண்மனையில் கச்சேரி. ராகமும் தாளமும் பழக அதைவிட நல்ல ஊர் எது?

அடுத்து தரங்கம்பாடிக்கு அனுப்பினார்கள். டேனிஷ்காரர்களின் துறைமுகம். 1706-ல் சீகன்பால்கு வந்து இறங்கிய ஊர். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சான ஊர். அங்கே ஜான், கேமரர், ராட்லர் என்ற ஆசிரியர்களிடம் வேதநாயகம் படித்தார். இந்த ஆசிரியர்கள் யார் என்று பார்த்தால் கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும். ராட்லர் செடிகொடிகளைச் சேகரித்து வகைப்படுத்தியவர். ஜான் மீனும் சிப்பியும் சேகரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பியவர். நம்ம கடற்கரைச் சந்தையில் கத்தாளை மீன் விற்கிறாங்க இல்லையா? அந்தக் கூட்டத்தில் ஒரு பேரினத்துக்கு அறிவியல் பெயர் ஜானியஸ். பெர்லினில் இருந்த பிளாக் என்ற மீனியல் அறிஞர் இந்த ஜானின் நினைவாகத்தான் அந்தப் பெயரை வைத்தார்.

வேதம் சொல்லித்தர வந்தவர்கள் ஏன் மீனையும் நட்சத்திரத்தையும் சொல்லிக் கொடுத்தார்கள்? அவர்கள் படித்துவந்த ஜெர்மனியின் ஹாலே நகரப் பள்ளிகளின் கொள்கை அது. படைப்பை நன்றாகப் படித்தால் படைத்தவனைப் புரிந்துகொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம். அதனால் வேத பாடத்தோடு பூகோளம், கணிதம், உடற்கூறு, வானியல் எல்லாம் பாடத்திட்டத்தில் இருந்தன. தேவாலயத்தில் பாட்டு எழுதப்போகிற பையனுக்குக் கோப்பர்நிக்கஸ் கிடைத்தது இப்படித்தான்.

1794-ல், பத்தொன்பது வயதில், தஞ்சாவூரில் உபதேசியார்களைப் பயிற்றுவிக்கும் பள்ளிக்கு வேதநாயகம் தலைமை ஆசிரியர் ஆனார். நம்மில் பல பேர் இரண்டாம் வருஷ அரியர் எழுதிக்கொண்டிருக்கிற வயசு!

சந்தமும் சங்கடமும்

இப்போ கொஞ்சம் டெக்னிக்கலாப் பார்ப்போம். அதுவரை தமிழ்ப் புராட்டஸ்டண்ட் தேவாலயங்களில் பாடியவை பெரும்பாலும் ஜெர்மன் கீதங்களின் மொழிபெயர்ப்பு. மெட்டும் ஜெர்மன் மெட்டு. வார்த்தை மட்டும் தமிழ்.

இதில் என்ன சிக்கல்? ஜெர்மன் பாட்டு அழுத்தத்தை வைத்து நடக்கும். எந்த அசையில் அடி விழுகிறது என்பதுதான் அங்கே கணக்கு. தமிழ் யாப்பு குறில், நெடில் அளவை வைத்து நடக்கும். ஜெர்மன் மெட்டில் நீட்ட வேண்டிய இடத்தில் தமிழ்க் குறில் வந்து விழுந்தால், பாடுகிறவர் அதை நீட்டியே ஆகணும். கல் என்பது கால் ஆகும், படு என்பது பாடு ஆகும். பொருளே மாறிப்போகும். கேட்கிறவருக்குக் காது ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம்.

வேதநாயகம் இதைத் தலைகீழாகத் திருப்பினார். விஷயம் வேதாகமம், வடிவம் தமிழ். ராகம், தாளம், பல்லவி, அனுபல்லவி, சரணம் உள்ள கீர்த்தனையாக எழுதினார். பல்லவியின் பயன் என்ன என்று யோசித்தால் இதன் அருமை புரியும். முன்பாடுகிறவர் சரணத்தைப் பாடுவார். எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் ஒவ்வொரு முறையும் பல்லவியைத் திரும்பப் பாடுவார்கள். பத்து நிமிஷத்தில் பாட்டின் சாரம் மனப்பாடம். புத்தகம் வாங்க வேண்டாம், எழுத்தும் வேண்டாம். ஒரு ஆள் கற்றுக்கொண்டால் ஒரு ஊரே கற்றுக்கொள்ளும்.

ஏறக்குறைய அதே காலத்தில் வியன்னாவில் சாலமன் சுல்ட்ஸர் (1804–1890) என்ற ஹஸான் வேறொரு திசையில் இதே கேள்வியோடு மல்லுக்கட்டினார். பழைய யூத வழிபாட்டு ஓதலையும் தன்னைச் சுற்றி ஒலித்த வியன்னா இசையையும் எப்படிச் சேர்ப்பது என்பது அவர் கவலை. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர். பரம்பரையாக வந்த வழிபாடு, வாழுகிற ஊரின் இசை, இரண்டையும் விடாமல் பாடுவது எப்படி என்பதே இருவருக்கும் கேள்வி.

குறத்தி சொன்ன வானியல்

1800 வாக்கில் வந்தது பெத்லகேம் குறவஞ்சி. குறவஞ்சி என்றால் நமக்குத் தென்காசிப் பக்கத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சிதான் நினைவுக்கு வரும். தலைவன் உலா வருவான். தலைவி பார்த்து மயங்குவாள். குறத்தி வந்து தன் மலைவளம், நாட்டுவளம் சொல்லிக் குறி சொல்லுவாள். சிங்கன் பறவை பிடிப்பான். இதுதான் வார்ப்பு.

அதே வார்ப்பில் வேதநாயகம் புது உலோகத்தை ஊற்றினார். தலைவன் பெத்லகேம் நாதர். தலைவி தேவமோகினி, அதாவது திருச்சபை. குறி சொல்லும் குறத்தி விசுவாசம். பறவைகளுக்கு வலை வீசும் சிங்கன் கூட்டம், ஆத்துமாக்களைத் தேடும் உபதேசிகள். தெருவில் கூத்துப் பார்த்துப் பழகிய எவருக்கும் இது உடனே புரியும்.

ஆனால் நம்மைப் போன்ற பொறியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறு. சூரியனை நடுவில் வைத்துக் கோள்கள் சுற்றுகிற கோப்பர்நிக்கஸ் கணக்கு இந்த நூலுக்குள் இருக்கிறது. உலகத்தின் தேசங்களும் வருகின்றன. தரங்கம்பாடி வகுப்பறையில் படித்த பாடம் அப்படியே தாளத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பஞ்சாங்கத்தில் சூரியன் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், தமிழ்ப் பாட்டில் பூமி சூரியனைச் சுற்றியது!

இதற்காக அவர் புதுத் தமிழ் ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு உட்காரவில்லை. மக்களிடம் இருந்த வடிவத்தையே எடுத்தார். ஞானத்தச்ச நாடகம் என்ற நூலில் கடவுளைத் தச்சராகவே பாடினார். நோவாவின் பேழை அதில் வருகிறது. பாடமும் பாட்டும் அவருக்கு வேறு வேறாக இருக்கவே இல்லை. சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை எழுதினார். கதையைச் சொல்லி, நடுநடுவே பாடி, விளக்கி, மறுபடி பாடும் காலட்சேப முறையில் ஊர் ஊராக நடத்தினார். குடும்பத்தாரும் மாணவர்களும் கூடவே பாடினார்கள். சுவிசேஷக் கவிராயர் என்ற பட்டம் நிலைத்தது.

1798-ல் சுவார்ட்ஸ் இறந்தார். அதே வருஷம் சரபோஜி அரியணை ஏறினார். அரசர் சைவ ஆலயங்களைப் போற்றிய இந்து, புலவர் உறுதியான கிறிஸ்தவர். ஆனாலும் பழைய தோழனுக்கு மானியம் கொடுத்து அரண்மனைப் புலவராக ஆதரித்தார் சரபோஜி. பெரிய கோவில் இறைவன் மேல் ஒரு குறவஞ்சி பாடித் தரும்படி அரசர் கேட்டதாகவும், சாஸ்திரியார் மறுத்ததாகவும் அவர் குடும்ப வழியில் ஒரு செய்தி உண்டு. மறுத்த பிறகும் நட்பு முறியவில்லை என்பதுதான் அந்தச் செய்தியின் சாரம்.

படிப்பு நின்ற இடம்

சரி, இதுவரை சொன்னது புகழ். இனிமேல் சொல்ல வேண்டியதையும் சொல்லித்தான் ஆகணும்.

1820-களில் தஞ்சாவூருக்குப் புதிய தலைமுறை மிஷனரிகள் வந்தார்கள். பழைய ஏற்பாடுகள் பலவற்றை மாற்றினார்கள். சாஸ்திரியாரும் அவரைச் சேர்ந்த வேளாளக் கிறிஸ்தவர்களும் எதிர்த்து எழுதினார்கள். அவர்கள் முக்கியமாகச் சொன்ன குறைகள் நான்கு.

ஒன்று, பழகிய பெப்ரீசியஸ் வேத மொழிபெயர்ப்பை விட்டுப் புதிய திருத்தத்தைக் கொண்டுவந்தது. அந்தத் திருத்தத்தைச் செய்த ரேனியஸ், நம்ம பாளையங்கோட்டையில் இருந்து வேலை செய்தவர். இரண்டு, கல்யாணத்திலும் பண்டிகையிலும் பூ கூடாது என்றது. மூன்று, தேவாலயத்தில் தமிழ்க் கீர்த்தனையையும் வாத்தியத்தையும் விலக்கியது. இந்த மூன்றிலும் நம்மில் பல பேர் சாஸ்திரியார் பக்கம் நிற்போம். வாழ்நாளெல்லாம் கற்று உருவாக்கிய இசையை வாசலுக்கு வெளியே நிறுத்தினால் எந்தக் கலைஞருக்கும் வலிக்கும்.

நான்காவதுதான் நம்மைத் திணற வைக்கும். தேவாலயத்தில் வேளாளர் ஒரு பக்கம், இன்று தலித் என்று நாம் சொல்லும் மக்கள் ஒரு பக்கம் என்று உட்கார்வது அங்கே வழக்கமாக இருந்தது. புதியவர்கள் அதை ஒழித்து, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒன்றாக நற்கருணை வாங்க வேண்டும் என்றார்கள். சாஸ்திரியார் அதையும் எதிர்த்தார். சாதி என்பது உலக வழக்கம், மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது அவர் வாதம். 1829-ல் இதைப் பற்றி விரிவாகவே எழுதினார். 1833-ல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவிட்ட பிறகும் சண்டை ஓயவில்லை. பலர் சபையைவிட்டே விலகினார்கள்.

சூரியனை நடுவில் வைத்துப் பூமியை நகர்த்திப் பாடத் தெரிந்தவருக்கு, தேவாலயத்தில் ஒரு பாயை நகர்த்த மனசு வரவில்லை.

அவருடைய காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதே காலத்தில், அதே சபையில், பின்வரிசையில் உட்கார வைக்கப்பட்டவர்களும் இருந்தார்களே! அவர்கள் வீட்டுப் பையன் ஒருவனைச் சுவார்ட்ஸ் மாதிரி ஒருவர் கூட்டிப்போய், தரங்கம்பாடியில் வானியல் சொல்லிக் கொடுத்திருந்தால் நமக்கு என்னென்ன பாட்டு கிடைத்திருக்கும்? பெரிய படிப்பு ஒருவருக்குக் கிடைத்த கதையைச் சொல்லும்போது, கிடைக்காமல் போனவர்களையும் சேர்த்து நினைக்கணும்.

79 வயதில் மறுபடி வகுப்பு

தேவாலயத்துக்கு வெளியே போன கீர்த்தனை உள்ளே திரும்பி வந்ததும் ஒரு பயிற்சிக் கதைதான். மதுரை அமெரிக்கன் மிஷனில் எட்வர்ட் வெப் என்றொருவர் இருந்தார். கிராமத்து மக்கள் மேற்கத்திய மெட்டில் ஒட்டாமல் நிற்பதையும், சொந்த ராகத்தில் பாடினால் உருகுவதையும் கவனித்தவர். அவர் முதிய சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் தேடி எடுத்துக்கொண்டார். உபதேசியார்களும் பள்ளிப் பிள்ளைகளும் அவற்றைப் பாடக் கற்றுக்கொண்டார்கள். 1853-ல் வெப் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் சாஸ்திரியாரின் பாடல்கள் முக்கிய இடம் பிடித்தன. அப்போது சாஸ்திரியாருக்கு 79 வயது. விலக்கப்பட்ட பாட்டு அச்சில் ஏறி, ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கே திரும்பி வந்ததை அவர் கண்ணால் பார்த்தார்.

1864 ஜனவரி 24-ம் தேதி, 89 வயதில் காலமானார். அவர் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாகக் காலட்சேபத்தைத் தொடர்ந்தார்கள். இன்றும் தென்னிந்தியத் திருச்சபையின் கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் அவர்தான்.

அவர் இறப்பதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1859-ல், நம்ம தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் இன்னொரு குழந்தை பிறந்தது. ஆபிரகாம் பண்டிதர். அவரும் தஞ்சாவூருக்கே போனார். தன் கீர்த்தனைகள் 96-ஐ மாணவர்களுக்காகச் சுரக்குறிப்போடு 1907-ல் அச்சிட்டார். குருவோடு ஒரே வீட்டில் இருந்தால்தான் கற்க முடியும் என்ற நிலை மாறி, புத்தகத்தைப் பார்த்தும் கற்கலாம் என்ற கதவு அங்கே திறந்தது.

நமக்கு இதில் என்ன இருக்கு?

குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் வந்துகொண்டிருக்கிறது. 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்கு அனுப்பும் ராக்கெட், இலங்கை மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டும்; அதில் எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து நேரே தெற்கே கடல்தான். சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய லாபம். இதை நம்ம ஊர் மீன்கார ஆச்சிக்கு உங்களால் தமிழில் விளக்க முடியுமா? சாஸ்திரியாராக இருந்தால் ஆச்சிக்குத் தெரிந்த மெட்டிலேயே ஏற்றிப் பாடியிருப்பார். தாய்மொழியில் சொல்ல முடியாத அளவுக்கு எந்த அறிவியலும் கடினமில்லை என்பதற்கு 220 வருஷப் பழைய சாட்சி அவர்.

இசை கற்க ஆசை உள்ளவங்களுக்கு ஒரு சேதி. திருநெல்வேலி, தூத்துக்குடி உட்படப் பல மாவட்டங்களில் அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதம் சொல்லித் தருகிறார்கள். இந்தக் காலத்தில் இதற்காக யாரும் தாமிரபரணியை விட்டுக் காவிரிக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் தெருவில் நன்றாகப் பாடுகிற, மேளம் அடிக்கிற பையனோ பொண்ணோ இருந்தால் இந்தத் தகவலை அவர்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள். முக்கியமாக, இதுவரைக்கும் யாரும் போய்ச் சொல்லாத வீடுகளில் முதலில் சொல்லுங்கள்.